ஐஸ் பெட்டிக்காரனின் வலது காது

அறுநூற்றுப் பதினேழு பேர். ஓர் இசை ஆல்பத்தைப் பற்றி ஜெபக்குமார் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை அது. கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், கொழும்பில் இருக்கிறார்கள், துபாயில் ஒரு கிரேன் ஓட்டுநர் இருக்கிறார். செங்கல்பட்டில் அவன் குடியிருக்கும் தெருவில் ஒருவர்கூட இல்லை. அங்கே அவனிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அவன் வண்டி தெருவுக்குள் திரும்பினால், "யாரு வூட்டுக்கு?" என்று மட்டும் கேட்பார்கள்.

வண்டி குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி. அதன் முதுகில் ஏறியிருப்பது ஐஸ் பெட்டி. சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை இறந்தவரின் உடலைக் கிடத்தி வைக்கும், கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. சடையப்பன் என்பவர் நடத்தும் கடையில் அதை ஏற்றிப்போவதும், இறக்குவதும், காவலிருப்பதும் ஜெபக்குமாரின் வேலை. நாற்பத்து மூன்று வயதாகிறது. காவல் என்றால் திருடனுக்குப் பயந்து இல்லை, கரண்டுக்குப் பயந்து. டவுனுக்குள் பிளக்கைச் சொருகிவிட்டு வந்துவிடலாம். செய்யூர்ப் பக்கமும் கடலோரக் குப்பங்களிலும் மின்னழுத்தம் ஏறும், இறங்கும். கம்ப்ரஸர் திணறும். ஸ்டெபிலைசர் டக்கென்று வெட்டிவிடும். அதனால் அங்கெல்லாம் பெட்டியோடு ஆளும் தங்க வேண்டும். பந்தலுக்கு வெளியே, சுவருக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

துக்க வீட்டில் அவன் அழ முடியாது, அவனுக்கு அங்கே யாரும் இல்லை. சிரிக்கவும் முடியாது. தூங்கினால் பெட்டி நின்றுவிடுமோ என்று பயம். முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் முதுகைப் போலவே முகமும் வலிக்கும்.

இந்த உட்காருதலில்தான் அவன் பாட்டுக் கேட்க ஆரம்பித்தான். முதலில் எல்லாரையும்போல சினிமாப் பாட்டு. ஆனால் துக்க வீட்டின் ஒலிபெருக்கியும் அதைத்தானே பாடுகிறது? அம்மாவைப் பற்றிய பாட்டு, போய்வா என்கிற பாட்டு, கிறிஸ்தவ வீடானால் பரலோகத்தைப் பற்றிய பாட்டு. வாரத்தில் பாதி நாள் அதைக் கேட்டதில், வார்த்தை உள்ள எந்தப் பாட்டும் அவனுக்குத் துக்க வீட்டுப் பாட்டாகிப்போனது. காதல் பாட்டில்கூட 'நீ இல்லாமல்' என்று ஒரு சொல் வந்தால் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலியும் கண்ணில் வந்து நின்றன.

ஒருநாள் தூக்கம் வருவதற்காக மழைச் சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மழை முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததற்குப் போயிற்று. யாரோ ஒரு ஜெர்மன்காரர் ஆர்கனில் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் கையை எடுக்கவில்லை. பாட்டு இல்லை, தாளம் இல்லை. வெயில் சுவரில் நகர்வதுபோல அந்தச் சத்தம் மெல்ல மெல்ல நிறம் மாறியது. ஜெபக்குமார் தூங்கவில்லை. முடிந்ததும் மறுபடி போட்டான். இதற்கு ஆம்பியன்ட் என்று பேர் என்பதும், இதற்கென்றே ஆல்பம் போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அவன் மனைவி ரூத் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள். நாள் முழுக்க அவள் காதில் இயந்திரங்களின் இரைச்சல்.

"அங்க பூரா மிஷினு. வூட்டுக்கு வந்தா நீ. இன்னாய்யா இது, ஃப்ரிட்ஜு சத்தம்?"

"ஆல்பம்."

"ஃப்ரிட்ஜு ஆல்பமா?"

"நார்வேகாரரு போட்டது. ஆனா சுமாருதான். பாதியில ஒரு பியானோவ இஸ்துகினு வந்துட்டாரு. எதுக்குன்னே தெரியல."

"யோவ், எனுக்கு சாம்பாருக்கு உப்பு பத்துதான்னு கேட்டா பதில் சொல்லு. இத்த எல்லாம் கேக்கறவன் எவனாச்சும் கீறான்னா அவங்கிட்ட போய் சொல்லு."

அவள் சொன்னதை அப்படியே செய்தான். டெலிகிராமில் ஒரு சானல் தொடங்கினான். எழுத வராது, அதனால் பேசினான். வண்டியில் உட்கார்ந்தபடி, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சில நிமிடம். ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் முடியும்: "கேட்டா கேளுங்க, இல்லாட்டி விடுங்க."

அவனுடைய கருத்துகளில் மரியாதைக்கு இடம் கிடையாது. பனிப்பாறை உருகுவதைப் பதிவுசெய்த ஓர் ஆல்பம் உலகமெங்கும் புகழப்பட்டபோது அவன் சொன்னது: "ஐஸப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க. நான் ஐஸோட குடும்பம் நடத்திகினு கீறேன். இது ஐஸ் மாதிரி நடிக்குது." இரும்புத் தகடுகளைத் தேய்த்து ஒருவர் போட்டிருந்த பரிசோதனை ஆல்பத்துக்கு: "என் குட்டியானையோட பின்கதவு இத்த தினமும் ஓசியில வாசிக்குது." கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தை ஒரு ஜப்பான் பெண் பதிவுசெய்திருந்தாள். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் குரல் இறங்கியிருந்தது. "இந்தம்மா ஒண்ணுமே பண்ணலீங்க. சும்மா கீது. பண்ணாம இருக்கறதுக்கு எவ்ளோ தகிரியம் வேணும்? நம்மள சமாதானப்படுத்தவே பாக்கல பாருங்க, அதான் எனுக்குப் புடிச்சிது."

அவன் அளவுகோலே அதுதான். ஓர் ஆல்பம் ஆறுதல் சொல்ல வந்தால் அவனுக்கு ஆகாது. ஆறுதல் சொல்கிறவர்களை அவன் வேலை நேரம் முழுக்கப் பார்க்கிறான். மாலையோடு வருவார்கள், வந்த வேகத்தில் சொல்வார்கள், செருப்பைத் தேடிக்கொண்டு போவார்கள். பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்கிற ஆள் எந்தத் துக்க வீட்டிலும் ஒருவரோ இருவரோதான். அந்த மாதிரி ஆல்பம்தான் அவனுக்கு வேண்டும்.

இன்னொரு விஷயம். அவன் எப்போதும் வலது காதில் மட்டும்தான் இயர்போன் மாட்டுவான். இடது காது துக்க வீட்டுக்கு. "அண்ணாத்த, பொட்டி நின்னுபோச்சு" என்று யாராவது ஓடிவந்தால் அது கேட்க வேண்டுமே. தொழில் பழக்கம். உலகத்தின் எல்லா ஆல்பங்களையும் அவன் ஒற்றைக் காதில் கேட்டுத்தான் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தான். சானலில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. சொல்லும்படியான விஷயமாக அவனுக்கும் தோன்றியதில்லை.

பிரபா என்கிற பெண் அவனுக்குச் செய்தி அனுப்பியது இந்த வருடம், மழை விட்ட பிறகு. செய்யூருக்குப் பக்கத்து ஊர்க்காரி. பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, விடுதியில் தங்கல். கடல் பொங்குவதைச் சொல்கிற 'ஓதம்' என்ற பெயரில் ஆறு துண்டுகள் கொண்ட ஓர் ஆல்பம் செய்து இணையத்தில் போட்டிருந்தாள். எல்லாம் அந்தக் கரையில், அந்த ஊர்களில் பதிவுசெய்தவை. "அண்ணா, கேட்டுட்டு உள்ளத சொல்லுங்க. திட்டினாலும் பரவால்ல. இதுவரைக்கும் கேட்டது என் ரூம்மேட் மட்டும்தான், அவளும் தூங்கிட்டா."

அவன் அதைக் கேட்டது சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். பகல் நேரம். முந்தின நாள் வேறொரு வீட்டில் விழித்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போகாமலே அங்கே வந்திருந்தான். இறந்தவர் ஒரு வயதான மீனவர், மகன் கேரளாவிலிருந்து வந்துகொண்டிருந்தான். கரண்ட் மோசம். பெட்டி இருந்த அறையின் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, வலது காதில் மாட்டினான்.

முதல் துண்டும் இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது மாமல்லபுரத்துக் கரையின் அலைச் சத்தம். கொஞ்ச நேரம் போனதும் அலைக்கு அடியில் ஒன்று எழுந்தது. மிகக் கனமான, மிகத் தாழ்ந்த ஒரு முனகல். பாரம் தூக்குகிறவனின் மூச்சுப்போல ஏறியது, நடுங்கியது, கொஞ்ச நேரம் நின்று இளைப்பாறியது, பிறகு அடங்கியது. அது அடங்கியபோது அலைகள் திடீரென்று சின்னதாகிவிட்டன. மறுபடி எழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அத்தனை நாள் அலுப்பும் அந்த முனகலுக்குள் இருப்பதாகப் பட்டது. நாலாவது தொடங்குவதற்குள் யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தைத் திரும்பி வரும்போது ஓடுகிற வண்டியில் கேட்டான். கேட்டான் என்று சொல்ல முடியாது, ஓடிக்கொண்டிருந்தது.

கருத்தை அன்றே போட்டுவிட்டான்.

"செய்யூர்க்காரப் பொண்ணு பிரபா. 'ஓதம்'னு ஆல்பம். மூணாவத கேளுங்க. அலைக்கு அடியில ஒரு சத்தம் வருது. அது இன்னான்னு எனுக்குத் தெரியல. கடலுக்கு உள்ள யாரோ ஒரு ஆளு நம்ம பாரத்தயும் சேத்து தூக்கிகினு கீற மாதிரி. இந்த அஞ்சாறு வருசத்துல நான் கேட்டதுல இதான் பெருசு. கேட்டா கேளுங்க, இல்லாட்டி விடுங்க."

அவன் இப்படிப் புகழ்ந்து யாரும் கேட்டதில்லை. குரல் பதிவு கைமாறிக் கைமாறிப் போயிற்று. 'ஓதம்' மூன்றாவது துண்டுக்குக் கீழே கருத்துகள் குவிந்தன. அந்த அடிச்சத்தத்தில் அழுதுவிட்டதாக ஒருவர் எழுதினார். அது திமிங்கலம் என்றார் ஒருவர். பூமியின் நாடி என்றார் இன்னொருவர். மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சென்னையிலிருந்து வருகிறவர்களைப் பாயில் உட்காரவைத்து இந்த மாதிரி நிகழ்ச்சிகள் நடத்தும் வெங்கடேசன் என்பவர், வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை வாசிக்க முடியுமா என்று பிரபாவைக் கேட்டார்.

ஒரே ஒருவர்தான் மாற்றிச் சொன்னார், துபாய் கிரேன் ஓட்டுநர். "அண்ணே, நல்ல ஹெட்போன்ல கேட்டேன். எனக்கு அப்படி ஒரு சத்தமும் கேக்கலையே?"

மற்றவர்கள் அவரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். காதைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். ஜெபக்குமார் அன்றைக்கு படிக்கட்டு குறுகலான ஒரு மாடி வீட்டிலிருந்து பெட்டியைக் கயிறு கட்டி இறக்கிவிட்டு வந்திருந்தான். எரிச்சலில் பேசினான்: "நான் சம்பளத்துக்கு சொல்லல நைனா. யாருக்கும் ஜால்ரா போடவும் சொல்லல. இல்லாத சத்தத்த இருக்குன்னு சொல்லியிருந்தேன்னா இந்த சானல மூடிகினு போயிடறேன்."

மறுநாள் பிரபா போன் செய்தாள்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. அந்த அடிச்சத்தம்னு சொன்னீங்களே, நான் அப்படி எதுவும் போடலயே?"

"நீ போடலன்னா கடல் போட்டுருக்கும் தங்கச்சி. மைக்குக்கு நம்மள விட காது ஜாஸ்தி."

"எனக்குக் கேக்கவே மாட்டேங்குதுண்ணா. வெங்கடேசன் சார் வேற அந்த மூணாவதையே நீட்டி வாசிக்கச் சொல்றாரு. அந்தச் சத்தம் நல்லா மேல தூக்கி வரணுமாம். எங்கப்பா அம்மா வேற வர்றாங்க. நான் இன்னாத்த கிழிக்கிறேன்னு பாக்கறதுக்காம்."

"அப்போ தூக்கி வை."

"இல்லாததை எப்படித் தூக்கறது?"

பிறகு அவளே, எப்படியாவது செய்துகொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கடையில் பெட்டிக்குப் பழுது பார்த்தார்கள். கம்ப்ரஸருக்கு காஸ் ஏற்றி முடிந்ததும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சடையப்பன் காலிப் பெட்டியை ஓடவிட மாட்டார். காலியாக ஓடும் பெட்டி ஆள் தேடும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் சோதனைக்குப் போட்டால்கூட உள்ளே ஒரு எலுமிச்சம்பழத்தைப் படுக்கவைத்து, மூடியைப் போட்டு, பிறகுதான் ஸ்விட்சைத் தட்டுவார். ஜெபக்குமார் இதற்காக அவரை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறான். "இன்னா மொதலாளி, பழத்துக்கு சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்களா?" ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் அவனும் பழம் வைத்துத்தான் ஓடவிடுவான்.

அன்று அவன் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிரபாவுக்கு அந்தச் சத்தம் எந்த இடத்தில் வருகிறது என்று குறித்துச் சொல்லிவிடலாம் என மூன்றாவது துண்டைப் போட்டான். வலது காதில். அலை வந்தது. சத்தம் வரவில்லை. தள்ளிப் பார்த்தான், வரவில்லை. சடையப்பன் பழத்தை வைத்து ஸ்விட்சைத் தட்டினார்.

அலைக்கு அடியில் அது எழுந்தது.

ஜெபக்குமாருக்கு முதலில் நிம்மதிதான். இருக்கிறது, இதோ இருக்கிறது. ஏறுகிறது, நடுங்குகிறது. சடையப்பன் ஸ்விட்சை அணைத்தார். அலை நிற்கவில்லை. அடிச்சத்தம் நின்றுவிட்டது.

"மொதலாளி, இன்னொரு தபா போடுங்க."

போட்டார். எழுந்தது.

"நிறுத்துங்க."

நின்றது.

"இன்னாடா, ரிப்பேரா?"

"இல்ல. பொட்டி நல்லாதான் கீது. பேஜாரு எனக்குதான்."

வருடக்கணக்கில் பக்கத்தில் இருந்த சத்தம். அது இருக்கிறது என்பதையே அவன் காது மறந்திருந்தது. நின்றால்தான் அவனுக்குக் கேட்கும், ஓடினால் கேட்காது. அன்றைக்குக் குப்பத்துச் சுவரில் சாய்ந்திருந்த முதுகு வழியாகவும், காலியாக விட்டிருந்த இடது காது வழியாகவும் அது உள்ளே வந்து, வலது காதின் அலைக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. குறைந்த கரண்டில் திணறியதால் அதன் குரலும் மாறியிருந்தது. உலகம் முழுக்க ஆல்பம் தேடிக் கேட்டு, கடைசியில் அவன் பெரிதென்று சொன்னது தன் சொந்தப் பெட்டியை.

ரூத்திடம் சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "நான்தான் மொதல்லேர்ந்து ஃப்ரிட்ஜு ஃப்ரிட்ஜுன்னு சொல்லிகினு கீறேனே! எத்தினி தபா சொன்னேன்!" பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

"சொல்லிடலாம்னு பாக்கறேன்."

"யாருகிட்ட?"

"அந்தப் பொண்ணுகிட்ட. அப்பறம் சானல்ல."

"சத்தம் இல்லன்னு ஆனா சானல மூடறேன்னு வாய உட்டுகினு வந்துருக்கியே?"

"ஆமா."

ரூத் தட்டில் இருந்த சோற்றை ஒதுக்கினாள். "சொல்லாத. யாருக்குத் தெரியப்போவுது? காலையில வண்டி, ராத்திரி வண்டி. உனுக்குன்னு அது ஒண்ணுதான் கீது. அதயும் எதுக்கு எடுத்துக் குடுக்கற? அவங்களுக்கு என்னவோ கேக்குது, கேட்டுட்டுப் போறாங்க."

இதை அவளிடமிருந்து அவன் எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்து அவளிடம் நீட்டினான். துபாய் கிரேன் ஓட்டுநர் அன்று காலை எழுதியது திரையில் இருந்தது. "அண்ணே, மறுபடி மறுபடி கேட்டேன். இப்ப எனக்கும் கேக்குது. நீங்க சொன்னது சரிதான். மன்னிச்சிடுங்க."

"ஒழுங்கா கேட்டவன் அவன் ஒருத்தன்தான் ரூத்து. அவன் எங்கிட்ட மன்னிப்பு கேட்டுகினு கீறான்."

ரூத் குழம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பொத்தேரிக்குப் போனான். வண்டியில் இல்லை, எலக்ட்ரிக் ட்ரெயினில். பிரபா மெலிந்த, வேகமாகப் பேசுகிற பெண். மாணவர்கள் நெரியும் ஒரு ஜூஸ் கடையின் பின்பக்கம், வாழைத்தார் மாட்டியிருந்த இடத்தில் உட்காரவைத்தாள்.

"அண்ணா, போட்டுட்டேன்" என்றாள். "நீங்க சொன்ன மாதிரியே அடிச்சத்தம். ரெண்டு நாளா தூங்கல. கேட்டுச் சொல்லுங்க, இதுதானா?"

பெரிய ஹெட்போனை அவன் தலையில் மாட்டினாள். இரண்டு காதும் மூடிக்கொண்டதும் அவனுக்குப் பதற்றமாக இருந்தது. யாரோ கூப்பிடுவதுபோல இரண்டு தடவை இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். அலை வந்தது. அலைக்கு அடியில் கணினியில் செய்த ஒரு முனகல், அவன் சொன்ன வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டியது. ஏறியது, நடுங்கியது, பாரம் தூக்கியது.

ஹெட்போனைக் கழற்றினான்.

"வேணாம்மா. எடுத்துடு."

"ஏண்ணா? கம்மியா கீதா?"

சொன்னான். தன் தொழிலை, சுவரை, இடது காதை, எலுமிச்சம்பழத்தை. அவன் என்ன வேலை செய்கிறான் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. எந்நேரமும் வண்டியிலிருந்து பேசுவதால் டிராவல்ஸ் வைத்திருக்கிறான் என்று நினைத்திருந்தாளாம்.

"செத்தவங்கள வைக்கிற பொட்டியா?" என்றாள். அவள் சிரிக்கப்போகிறாள் என்று பார்த்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ மூணாவது நல்லா இல்லையா? அத சொல்லுங்க மொதல்ல."

"கேக்கவே இல்லியே நான் ஒழுங்கா. இப்ப கேக்கறேன், குடு."

ஆறையும் கேட்டான், அடிச்சத்தம் சேர்க்காத பழைய பதிவை, இரண்டு காதிலும். கடைப்பையன் இரண்டு தடவை மேசையைத் துடைத்துவிட்டுப் போனான். பிரபா நகத்தைக் கடித்தபடி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது, வேலை அப்படி.

"மூணாவது சுமாரு" என்றான். "காலண்டர்ல கடல் படம் போடுவான் பாரு, அது மாதிரி கீது. யாருக்கும் புடிக்காம போவாது. அவ்ளோதான். அஞ்சாவது இன்னா அது, கட்டையா?"

"அப்பா லாரி. சவுக்குக் கட்ட ஏத்திட்டு கயிறு போட்டு இறுக்குவாங்க. அந்தக் கயிறு முறுக்குற சத்தம். வேற எதுவும் கிடைக்கலன்னு சேத்தேன். நடுவுல எங்கம்மா டீக்குக் கூப்புடுவாங்க, அத வெட்ட மறந்துட்டேன்."

"அந்தக் கயிறு முறுக்கி முறுக்கி, ஒரு எடத்துல இனிமே முடியாதுன்னு நிக்குது. அங்க நீ கொஞ்ச நேரம் எதுவும் செய்யாம உட்டுட்ட. அதான் ஆல்பம். மிச்சம் அஞ்சும் என்னை சமாதானப்படுத்தப் பாக்குது."

"எனக்கு மூணாவதுதான் புடிக்கும்" என்றாள் பிரபா சட்டென்று. "காலண்டர்னா காலண்டர். அதுக்காகத்தான் முழங்கால் தண்ணியில நின்னுகினு எடுத்தேன்."

"புடிச்சிதுன்னா வெச்சிக்க. நான் என் கருத்த சொன்னேன். அதுவும் போன வாரம் சொன்னத இந்த வாரம் மாத்தி சொல்றவன் கருத்து."

அதற்கு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பிறகு வெங்கடேசனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னாள். நிகழ்ச்சி போய்விடும் என்று இருவருக்குமே தோன்றியது. நடந்தது வேறு.

"அய்யய்யோ, இது அதவிடப் பிரமாதமா இருக்கே!" என்றார் வெங்கடேசன். "குளிர்பெட்டியும் கடலும்! அவர் பக்கத்துல இருக்காரா? சார், அந்தப் பெட்டியையே ரெக்கார்ட் பண்ணிக் குடுக்க முடியுமா? ஞாயித்துக்கிழமை அதையே வாசிக்கலாம்."

பிரபா நிமிர்ந்து ஜெபக்குமாரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆசை வந்துவிட்டிருந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

"அது ஓடறப்ப உள்ள ஆள் இருப்பாங்க சார்" என்றான் ஜெபக்குமார்.

"இல்ல சார், காலியா ஓடவிட்டு..."

"காலியா ஓட உடற பழக்கம் எங்க கடையில கெடையாது."

"பேர் எதுவும் போட மாட்டோம். யாருக்கும் சங்கடம் வராம..."

"அது பாட்டு இல்ல சார். நான் பாட்டுன்னு நெனச்சது என் தப்பு. அந்த வூட்டுல பெருசு ஒண்ணு படுத்துகினு இருந்துச்சு, புள்ள வர்றதுக்காக. அதுக்காக ஓடுச்சு அது. பாயில உக்காந்து கேக்கறதுக்கு ஓடல."

வெங்கடேசன், இறங்கிய குரலில், அப்படியானால் நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், பிரபாவை முதலிலேயே போட்டுவிடலாம், ஆட்கள் வந்து உட்கார்கிற நேரத்தில், என்றார். பிரபா சரி என்றாள். போனை வைத்த பிறகு ஜூஸுக்கு ஜெபக்குமாரைக் காசு கொடுக்க விடவில்லை. "போய் வாங்கண்ணா" என்றாள். கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

அன்று மாலை கடைக்குத் திரும்பி, வண்டியில் உட்கார்ந்து, கடைசிக் குரல் பதிவைப் பேசினான். எப்போதையும்விடச் சின்னது.

"வணக்கங்க, ஜெபக்குமாரு. 'ஓதம்' மூணாவதுல நான் சொன்ன அடிச்சத்தம் அந்த ஆல்பத்துல இல்ல. அது நான் காவலுக்கு இருந்த ஐஸ் பொட்டி. நான் அந்த வேலதான் செய்யறேன். ஒத்தக் காதுல கேட்டுட்டு சொல்லிட்டேன். பிரபா மேல தப்பு இல்ல. அஞ்சாவத கேளுங்க, ரெண்டு காதுலயும் கேட்டுட்டுதான் சொல்றேன். துபாய் தம்பி, நீ மொதல்ல சொன்னதுதான் சரி. மன்னிப்புலாம் கேக்காத. சொன்னபடி சானல மூடறேன்."

வழக்கமாகச் சொல்லும் கடைசி வாக்கியத்தைச் சொல்லவில்லை. மறந்துவிட்டான்.

பதில்கள் உடனே வந்தன. ஏமாற்றுக்காரன் என்றார்கள் சிலர். மூட வேண்டாம் என்றார்கள் நிறையப் பேர். பெட்டியோ கடலோ, எங்களுக்கு இன்னும் கேட்கிறது என்று பிடிவாதம் பிடித்தார்கள் சிலர். கிரேன் ஓட்டுநர் ஒரு வரி எழுதியிருந்தார்: "அப்பாடா, என் காது நல்லாதான் இருக்கு." அதைப் படித்துவிட்டு ஜெபக்குமார் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். பிறகு சானலை நீக்குவதற்கான இடத்தைத் தேடினான். அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ரூத்திடம் கொடுத்தான். அவள் கண்டுபிடித்து, "நெசமாவா?" என்று ஒருமுறை கேட்டு, அவன் தலையாட்டியதும் அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பிரபா மாமல்லபுரத்தில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் வாசிக்கிறாள். அவள் அப்பா லாரியிலேயே வருகிறார். ஜெபக்குமாருக்கும் ரூத்துக்கும் பாயில் இடம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குப் பெட்டி கேட்டு யாரும் கூப்பிடாவிட்டால் இருவரும் போவார்கள்.